வேண்டுதல் இல்லாத மொட்டை

இன்று கட்டியிருந்த சேலையின் தோள்பக்கம் சந்தன வாசனை அடிக்கிறது. அவிழ்த்துப் போட மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்து எழுதுகிறேன். உன் பேத்தியின் மொட்டைத் தலை சாய்ந்திருந்த தோள் இது. ஆமாம், உனக்குப் பேத்தி பிறந்து ஒரு வயதாகிவிட்டது. உன் மூக்கு அப்படியே. அழுகையும் உன்னுடையதுதான், சத்தமே இல்லாமல் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு. நல்ல சேதியை முதலில் சொல்லிவிட்டேன். மற்றதைக் கேட்டால் நீ என் முகத்தில் விழிக்கமாட்டாய்.

சந்தனம் என்றாலே எனக்கு உன் மொட்டைதான். முதல் கீமோ ஏற்றிய பிறகு சீப்பை வைத்தால் முடி கத்தை கத்தையாக வந்தது. "தானா கொட்டுனா ஊரே பேசும்க்கா. மழிச்சுட்டா சாமி பேரு" என்று சொல்லி என்னை மலைக்கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாய். மகளுக்கு நல்ல இடம் அமையவேண்டும் என்று வேண்டுதல், இப்படி அக்கம்பக்கத்தில் சொல்லியாகிவிட்டது. மழித்து முடித்துச் சந்தனம் பூசிக்கொண்டு, "நீயும் உக்காரேன், எனக்குத் துணைக்கு" என்றாய். நான் பின்னலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "அய்யய்ய, என் மூஞ்சிக்கு மொட்டை வேற கேடா?" என்று சொல்லிப் பூமுடி மட்டும் கொடுத்தேன், நுனியில் ஒரு சிட்டிகை. "கஞ்சப்பிசினாறி" என்று திட்டிச் சிரித்தாய். அந்தச் சிரிப்போடுதான் படியிறங்கினோம்.

தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள் நீ. நான் கெலமங்கலத்துக்காரி, வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். ஓசூர் கம்பெனியில், வண்டிகளுக்கு ஒயர் கட்டும் லைனில் நமக்கு அடுத்தடுத்த மேசை. நீ "சொல்லுதாங்க, வருதாங்க" என்றால் லைனே சிரிக்கும், நீ முறைப்பாய். என்னிடம் ஒன்று விடாமல் கொட்டுகிற உன் வாய், மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்ட பிறகு மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. ஒருநாள் கேண்டீனில் சொன்னாய்: "எங்கக்காவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ஊருல வயித்துவலின்னு சொல்லியே எரிச்சுட்டாங்க." மறுநாளே உன்னைப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதுவரை நான் செய்ததெல்லாம் சரி.

பரிசோதனை முடிவைக் கேட்கப் போன அன்று, பஸ் அத்திப்பள்ளியைத் தாண்டும்போது கேட்டாய். "யக்கா, எங்கக்காவுக்கு வந்துச்சு. எனக்கும் வந்துருச்சுன்னு வை. எம் மகளுக்கும் வருமா?"

"வாயைக் கழுவுடி! நல்ல நாளும் அதுவுமா என்னா பேச்சு இது" என்று அதட்டினேன். அன்று என்ன நல்ல நாள் வாழ்ந்தது? வாயில் வந்ததைச் சொன்னேன்.

டாக்டரம்மாவுக்குத் தமிழ் வராது. உனக்குக் கன்னடம் வராது. நடுவில் நான். புற்றுநோய்தான், ஆனால் கைமீறிப் போகவில்லை, ஆபரேஷன் செய்து கீமோவும் கதிர்வீச்சும் கொடுக்கலாம், தைரியமாக இருக்கச் சொல்லுங்கள் என்றார். ஒவ்வொன்றாக உனக்குத் தமிழில் சொன்னேன். நீ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாய். அப்போதுதான் அவர் என்னைப் பார்த்து மேற்கொண்டு பேசினார். அக்காவுக்கும் தங்கைக்கும் வந்திருப்பதால் மகள் கவனமாக இருக்கவேண்டும். அம்மாவுக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்பே அவள் பரிசோதனைக்கு வரத் தொடங்கவேண்டும். பரம்பரையாக வருவதா என்று ரத்தத்தில் பார்க்கவும் வழி இருக்கிறது. வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. வந்தாலும் கடுகளவில் இருக்கும்போதே பிடித்தால் பெரும்பாலும் குணமாக்கிவிடலாம். "மகளிகெ ஹேளி" என்று முடித்தார். மகளிடம் சொல்லுங்கள்.

மகள் என்பது இரண்டு மொழிக்கும் ஒன்றுதானே. உன் காதில் விழுந்துவிட்டது. அழுகையை நிறுத்தி என் கையைப் பிடித்தாய். "மகள்னு என்னமோ சொல்லுதாங்களே, என்னக்கா?"

பஸ்ஸில் உன்னை அதட்டியது ஞாபகம் வந்தது. கண்ணீர் வழிந்த உன் முகத்தைப் பார்த்தேன். "மக இருக்காளான்னு கேக்கறாங்கடி. இருக்கா, நல்லாப் பாத்துக்குவான்னு சொல்லிட்டேன்" என்றேன். "ஆமா, பாத்துக்குவா" என்று தலையாட்டினாய். நான் சொல்லிவிட்டதாக நினைத்து டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

உன் மகள் அப்போது சேலத்தில் கல்லூரி விடுதியில் இருந்தாள். மார்பை எடுத்த ஆபரேஷனைக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று அவளுக்கும் ஊருக்கும் சொன்னோம். உன் வீட்டுக்காரரும் அதற்குத் தலையாட்டினார். "அவ கழுத்துல தாலி ஏறுத வரைக்கும் மூச்சு விடாதக்கா. அம்மாவுக்குக் கேன்சர்னா எவன் வருவான்?" என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். சில வருஷம் நன்றாகத்தான் இருந்தாய். தாலி ஏறியதைக் கண்ணால் பார்த்தாய். பிறகு எலும்புக்குப் பரவியது. அதையும் முதுகுவலி என்றோம், ஈரல் கோளாறு என்றோம், அப்படியே உன்னை அனுப்பி வைத்தோம். அக்காவை வயிற்றுவலி என்று எரித்தார்கள் என்று வெதும்பினாயே, உன்னை மட்டும் நாங்கள் என்ன பேர் சொல்லி எரித்தோம்?

உன் சத்தியம் தாலியோடு முடிந்துவிட்டது. நான்தான் அதைப் பிடித்துத் தொங்கினேன். புது மருமகள், மாமியார் என்ன நினைப்பாளோ என்றேன். பிறகு முழுகாமல் இருக்கிறாள், பயமுறுத்தலாமா என்றேன். பிறகு பச்சை உடம்பு. சாக்குக்கா பஞ்சம்! ஆனால் இதைக் கேள். உன்னைப் பார்த்த பயத்தில் நான் வருஷம் தவறாமல் பெங்களூர் போய் மேமோகிராம் எடுத்துக்கொண்டு வருகிறேன். ஆனேக்கல்லில் சொந்தக்காரர் வீடு என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போவேன். இரண்டு தட்டுக்கு நடுவே வைத்து மெஷின் அழுத்தும், கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். ஒன்றுமில்லை என்று சொன்னதும் வெளியே வந்து மசால் தோசை தின்பேன். உன் மகளுக்கென்று சொன்ன புத்தியை எனக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். தூ, இதை எழுதவே கை கூசுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு அதே மலைக்கோயிலில் மொட்டை போட்டார்கள். சந்தனம் பூசிய பிள்ளையை என் தோளில் போட்டுவிட்டு, உன் மகள் தன் கொண்டையை அவிழ்த்தாள். "எனக்கு நல்ல வாழ்க்கை அமையணும்னு எங்கம்மா இங்கதான் மொட்டை போட்டுச்சு. எம் புள்ளைக்காக நானும் வேண்டியிருக்கேன்" என்று மாமியாரிடம் பெருமையாகச் சொன்னாள். போய் உட்கார்ந்தும் விட்டாள். முடியிறக்குபவர் அவள் தலையில் தண்ணீர் தெளித்தார். அவள் என் பக்கம் திரும்பி, "பெரியம்மா, அம்மா எந்தப் பக்கம் பாத்து உக்காந்துச்சு?" என்று கேட்டாள். உனக்கு வந்தது நாற்பதில். இந்த வருஷம் அவளுக்கு முப்பது. டாக்டரம்மா சொன்ன வயது. அந்த முகத்துக்கு இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எந்திரிடி. உங்கம்மா வேண்டுதலுக்கு மொட்டை போடல" என்றேன்.

தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். உன் அக்காவில் ஆரம்பித்து என் மசால் தோசை வரைக்கும். ஈரத் தலையோடு நின்று கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"அப்போ அந்த மொட்டை எனக்காக இல்லையா?"

"உனக்காகத்தான் கண்ணு. உனக்கு மாப்பிள்ளை வராம போயிருவானோன்னு பயந்துதான் போட்டா."

ஈரத் தலையை முந்தானையால் துடைத்தாள். "டாக்டர் சொன்னது எனக்கு. நீங்க மட்டும் போயிப் பாத்துக்கிட்டீங்களா?" என்றாள். ஆமாம் என்று சொன்னேன். மகள் வயதுப் பெண் முன்னால் தலை குனிந்து நின்றேன். தோளில் இருந்த குழந்தை என் பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கே அவள் தன் புருஷனிடம் சொல்லிவிட்டாள். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அதுக்கென்னா, போயிப் பாத்துட்டு வா. நான் லீவு போடட்டுமா?" இவ்வளவுதான். இந்த ஒரு வரிக்குப் பயந்தா நாம் இத்தனை வருஷம் மூச்சு விடாமல் கிடந்தோம்!

இன்று பெங்களூர் போனோம். என்னைக் கூட வரச் சொன்னதே பெரிது. உள்ளே கூப்பிட்டதும் பழைய பழக்கத்தில் நானும் எழுந்தேன். அவள் குழந்தையை என் கையில் கொடுத்தாள்.

"நீங்க இருங்க பெரியம்மா. எனக்குக் கன்னடம் தெரியும்."

தெரியாமல் என்ன? ஓசூரில் கன்னடப் பிள்ளைகளோடு படித்து வளர்ந்தவள். கதவு மூடிக்கொண்டது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த அறைக்குள் என்ன பேசினாலும் எனக்குப் புரியும், ஆனால் எனக்கு இனி அங்கே வேலை இல்லை.

ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஸ்கேன் பண்ணாங்க. இப்போதைக்குக் கட்டி எதுவும் இல்ல. இந்த வயசுக்கு எம்.ஆர்.ஐ.யும் எடுத்துப் பாக்கணுமாம். ரத்தம் எடுத்திருக்காங்க, ரிசல்ட் வர நாளாகும். அதுல என்ன வந்தாலும் வருஷா வருஷம் வரச் சொன்னாங்க. நடுவுல ஏதாவது கையில தட்டுப்பட்டா அன்னைக்கே வந்துரணும். இவ பெரியவளானா இவகிட்டயும் சொல்லணுமாம்." குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "அவ்வளவுதான் சொன்னாங்க. நான் எதையும் விடல."

திரும்பும் பஸ்ஸில் அவள் ஒரு வரிசை முன்னால் தள்ளி உட்கார்ந்தாள். குழந்தை தூங்கிவிட்டதால் என்னிடமே விட்டுவைத்தாள். இன்று காலையும் சந்தனம் பூசியிருந்த அந்தத் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தேன். அத்திப்பள்ளி வந்தபோது, அங்கே நீ கேட்டது காதில் கேட்டது. எம் மகளுக்கும் வருமா?

வரலாம்டி, வராமலும் போகலாம். அன்று இதைச் சொல்லியிருந்தால், நீ உயிரோடு இருந்தபோதே அவள் கையைப் பிடித்து நீயே கூட்டிக்கொண்டு வந்திருப்பாய்.