ஸ்டெல்லா தூக்காத எண்பது கிலோ

9-2-86, ஞாயிறு
வேலூர் வலுதூக்கும் போட்டியில் என் பெண் ஸ்டெல்லா தோற்றாள். இரும்புக் கம்பியைத் தோளில் வைத்து, உட்கார்ந்து எழ வேண்டும். எண்பது கிலோ. மூன்று வாய்ப்பு. மூன்றிலும் உட்கார்ந்தாள், எழ முடியவில்லை. பூஜ்யம். முதல் பிரிவிலேயே பூஜ்யம் என்றால் அடுத்ததற்கு விடமாட்டார்களாம். மூட்டை கட்டு, வீட்டுக்குப் போ.

ஜெயித்த பெண் காட்பாடி. இதே பிரிவில் அவள் தூக்கியது எழுபதுதான். மெட்ராஸ் மாநிலப் போட்டிக்கு அவள்தான் போகிறாள்.

பின்வரிசையில் ஒருவன்: "ஆம்பூர் உப்புக்காரம்மா பொண்ணுடா. மூட்ட தூக்கன பரம்பரைன்னானுங்க. இன்னாத்த தூக்குச்சு?" திரும்பிப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டான்.

நல்ல வெயில். இன்று கோயிலுக்குப் போகவில்லை. பாஸ்டர் கேட்பார்.

10-2, திங்கள்
தூத்துக்குடி உப்பு லாரி வரவில்லை. டேனரியிலிருந்து இரண்டு ஆள் வந்து சத்தம். உப்பு போடாமல் பச்சைத்தோல் கெடாமல் காத்திருக்குமா என்று. நியாயம்தான். எனக்குத்தான் பதில் சொல்லும் மனசில்லை.

ஸ்டெல்லா காலையில், "இனிமே போகலம்மா. எனக்கு அவ்ளோதான் பலம்."

"எவ்ளோ?"

"தெரியல."

"ஒரு வருஷமா தூக்கற, தெரியலன்னா?"

"ஒரே வாட்டி பெருசா தூக்க மாஸ்டர் உட்டதே இல்லம்மா. அறுபது கிலோ வச்சி பத்து வாட்டி எழுந்தேன். எத்தன வாட்டி எழுந்தா உச்சம் எவ்ளோன்னு ஒரு அட்டவணை வச்சிகீறாரு. அதப் பாத்து, அப்போ உன் உச்சம் எம்பதுன்னாரு. எழுபதுக்கு மேல வராது போலகீது சார்னேன். பயந்தாங்கொள்ளின்னு சிரிச்சாரு."

அவளுக்குப் பயிற்சி தரும் ராஜாமணி மாஸ்டர், போட்டியில் முதல் தடவைக்கே எண்பது எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆரம்பித்தபின் எடையைக் கூட்டலாம், குறைக்க முடியாது. மாட்டிக்கொண்டாள்.

கோணியைப் பிரிக்காமல் சரக்கு இவ்வளவு என்று எழுதுகிறவன் என் கிடங்கில் ஒரு நாள் தங்கமாட்டான்.

மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். மறந்தாயிற்று.

11-2, செவ்.
லாரி வந்தது. இறக்கியது என் கிடங்கில் மூட்டை சுமக்கும் கன்னியம்மாவும் கோவிந்தனும். அவள் நிற்காமல் சுமக்கிறாள். அவனுக்குப் பத்து மூட்டைக்கு ஒரு பீடி.

கன்னியம்மா: "இன்னா கோவிந்தா, அதுக்குள்ள பேஜாரா?"

"நீ செக்குமாடு மாதிரி சுத்திக்கினே இருக்க யக்கா. என்னால ஆவாது."

ஆனால் ஈரம் ஏறிய பெரிய மூட்டை என்றால் கோவிந்தன்தான். கன்னியம்மாவால் அசைக்க முடியாது. தினம் கண்முன் நடப்பது. சின்னதைப் பல தடவை தூக்குவது வேறு, பெரியதை ஒரே தடவை தூக்குவது வேறு. மாஸ்டரின் அட்டவணை ஆண்களை வைத்துப் போட்டதாக இருந்தால் பெண்ணுக்கு எங்கே சரிவரும்?

12-2, புதன்
ராஜாமணி மாஸ்டரின் பயிற்சிக் கூடத்துக்கே போனேன். டீ வரவழைத்தார். தொடவில்லை.

"அட்டவணை தப்பு சொல்லாதும்மா."

"யார தூக்க வச்சிப் போட்டது?"

"பயில்வானுங்களத்தான்."

"பொம்பளைங்க?"

டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"ஒரே தூக்குல உச்சத்தப் பாத்திருந்தா இன்னா?"

"வயசுப் பொண்ணும்மா. கர்ப்பப்பை எறங்கிட்டா நாளைக்கு நீங்களே என் சட்டையப் புடிப்பீங்க."

"ஊரு முன்னாடி முடியாத எடைய மூணு வாட்டி தூக்க வச்சீங்களே, அதுக்கு எறங்காதா?"

தலையைச் சொறிந்தார். ஏழு மாத வயிற்றோடு உப்பு மூட்டை சுமந்து இவளைப் பெற்றவள் நான். என்னிடமே கர்ப்பப்பைப் பாடம். கேட்டிருக்க வேண்டும். நாக்கு வரை வந்தது.

சனிக்கிழமை ஒரே தூக்கில் உச்சம் பார்க்கும் சோதனை, நானும் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஸ்டெல்லா வரமாட்டேன் என்கிறாள்.

15-2, சனி
வந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

கம்பிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கன்னியம்மா, பின்னால் மாஸ்டர். ஒவ்வொரு எடையும் ஒரே தடவை, நடுவில் நன்றாக ஓய்வு. அறுபது. அறுபத்தைந்து. எழுபது, எழுந்துவிட்டாள். காட்பாடிப் பெண் தூக்கிய அதே எழுபது. கம்பியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். எழுபத்திரண்டரை, தொடை உதறியது, எழுந்தாள். எழுபத்தைந்து பாதியில் நின்றது. பிடித்து இறக்கினோம்.

கன்னியம்மா: "பாத்தியா மாஸ்டரு? வாய்தான் உனக்கு ஜாஸ்தி."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு காலைப்பொழுது. அதைச் செலவழிக்க மனசில்லாமல் என் பெண்ணை மெட்ராஸ் போக விடாமல் செய்தான் இந்த மனுஷன். பலமில்லாதவள் என்று அவளையே நம்பவும் வைத்தான்.

ஸ்டெல்லா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த மாசம் திருப்பத்தூர்ல போட்டிம்மா" என்றாள்.

மாஸ்டர் உடனே, "நான் பேரு குடுத்துடறேன்."

"இருங்க. பேசிட்டுக் குடுங்க."

பேசி முடித்தது: முதல் தூக்கு அறுபத்தைந்து. அடுத்த இரண்டும் ஸ்டெல்லா சொல்லும் எடை. சீட்டில் அவளே எழுதுவாள், மாஸ்டர் கையெழுத்து மட்டும். மேடைக்குப் பக்கத்தில் நிற்கலாம், எடையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. சரி என்றார்.