ஓரம் உடைந்த முத்திரை

தைபே,
புதன்கிழமை

வெய்-சுங்குக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. ஒசாகாவில் குளிர் என்கிறார்கள், கழுத்துத் துணியைக் கட்டிக்கொள். அலுவலக மின்னஞ்சலை நாலு பேர் படிப்பார்கள் என்பதால், நாளை அங்கே வரும் நம் அலுவலக ஆ-மின்னிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

திங்கட்கிழமை மேலாளர் ஷீ என் மேசைக்கே வந்து பாராட்டினார். "பேட்டரி பதினேழு மணி நேரம் நிக்கும்னு தைரியமா முத்திரை குத்திக் கொடுத்துட்டியேம்மா, உன் அறிக்கைதான் நம்மளக் காப்பாத்துச்சு" என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். கையெழுத்துக்குப் பதிலாகச் சிவப்பாக என் பெயர் முத்திரை, இடது ஓரம் உடைந்து. அலுவலகத்தில் நான் குத்தும் முத்திரை என் கைப்பையில்தான் இருந்தது. உடைந்தது நம் வீட்டில் பதிவுத் தபால் வாங்குவதற்காக இழுப்பறையில் கிடப்பது. அந்த இழுப்பறையைத் திறக்க நம் இருவரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நீ வடிவமைத்த மடிக்கணினியை என் அறிக்கையில் நான் குறை மட்டுமா சொன்னேன்? ஒரே விரலால் திறக்கலாம், விசைப்பலகை கைக்கு இதம், இவ்வளவு எடை குறைந்த ஒன்றை நான் தொட்டதே இல்லை என்று எழுதினேன். நாற்பது நிமிடம் வேலை வாங்கினால் சூடாகி வேகம் பாதியாகிறது என்றும் எழுதினேன். இரண்டு மில்லிமீட்டர் மெலிய வைக்கத்தானே பேட்டரியைக் குறைத்தாய்? திரையை வெயிலிலும் படிக்கும் அளவு வெளிச்சமாக்கி, இணையத்தோடு, நோயாளிப் படிவங்களைத் திறந்து வைத்து ஓட்டினேன். ஒன்பது மணி நேரம் பத்து நிமிடம்தான் நின்றது. நீ திரையை மங்கலாக்கி, இணையத்தை அணைத்து, ஒரே படத்தை ஓடவிட்டுப் பதினேழு என்கிறாய். "மெலிசா இருந்தாத்தான் வாங்குவாங்க, எவன் மணி பாத்துட்டு உக்காந்திருக்கான்" என்று சாப்பாட்டு மேசையில் சிரித்தாய். மலை ஊர்களில் வீடு வீடாகப் போகும் செவிலியர்கள் பார்ப்பார்கள். விடிகாலையில் கிளம்பிக் கடைசி வீட்டை எட்டும் முன் திரை அணைந்து, எந்த மருந்து எவ்வளவு என்று தெரியாமல் நிற்பார்கள்.

இயந்திரம் சொன்னபடி கேட்க வேண்டும் என்று சோதனை மேசையில் 'சமர்த்தாக இரு' என்று பெயர் போட்ட பச்சைத் தின்பண்டப் பொட்டலம் வைப்போமே, அதைக் கேலி செய்வாய். இயந்திரம் ஒழுங்காகத்தான் இருந்தது. பொட்டலத்தை உன் தலைமேல் வைத்திருக்க வேண்டும்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அவ்வளவுதான். கேட்காமல் என் பெயரை எடுத்தாய். பதினோரு ஆண்டுகளாக அந்தச் சோதனைக்கூடத்தில் ஒரு எண்ணைக்கூட நான் மாற்றியதில்லை.

உண்மையான அறிக்கை இந்த உறையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அங்கே செவிலியர்களுக்காக இதை வாங்குகிறவர்கள் ஒப்பந்தத்தில் முத்திரை இடும் முன் உன் கையால் கொடு. கொடுக்காவிட்டால் அன்று மாலையே நான் அனுப்பிவிடுவேன். உன் வேலை போகும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

நேற்று புது முத்திரை செதுக்கி வாங்கி, கடைசிப் பக்கத்தில் குத்தியிருக்கிறேன். அதன் அருகில் உன் முத்திரைக்கு இடம் விட்டிருக்கிறேன். நம் திருமணப் பதிவிலும் இரண்டும் அப்படித்தான் அருகருகே இருந்தன. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடாதே. நல்லபடியாக வீடு வந்து சேர்.

யூ-ஷுவான்