ரெண்டு பேர் மேசை

என்னங்க,

மீன் குழம்பு அடுப்பு மேல இருக்கு. அத்தைக்கு முள்ளு எடுத்துப் போடுங்க.

கல்யாணத்துக்கு எங்கப்பா குடுத்த சாப்பாட்டு மேசைய வித்துட்டு, சுவத்துல மடிக்கிற பலகைய ஆசாரிய வெச்சு அடிச்சீங்க. ஷூவோட மேல் தோலு, அந்த அப்பர் தைக்கிற என் மிஷினுக்கு இடம் வேணும்னீங்க, சரின்னேன். "எத்தன பேரு சாப்புடுவீங்க?"ன்னு ஆசாரி கேட்டதுக்கு, "ரெண்டு பேரு"ன்னீங்க. நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். வீட்ல நாம மூணு பேர். உக்காந்து தைக்க எனக்கு இடம் வந்துச்சு, உக்காந்து சாப்புட வரல.

ஒடுகத்தூருக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறேன்.

ஷர்மிளா

தைச்ச அப்பர் பை கதவோரம் இருக்கு, கம்பெனி ஆள் வந்தா குடுத்துடுங்க.

பலகைய இறக்கினதும் கொக்கிய மாட்டுங்க, தட்டோட சரிஞ்சிடும். தினம் நான்தான் மாட்டுவேன்.

ஆசாரிகிட்ட சொன்ன அளவு சரிதான். இனிமே ரெண்டு பேர்தான்.