நன்னாவின் கஃபன் துணி

காஜா பெராங், மலாக்கா
ரமலான் பிறை 4

அன்பு மகள் நூர்ஜஹானுக்கு அம்மா ஹலீமா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் அருளால் இங்கே நாங்கள் பசியைத் தவிர வேறு நோயில்லாமல் இருக்கிறோம், ஈப்போவில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்தப் பசியும் இல்லாமல் இருக்க ஐந்து நேரமும் துஆச் செய்கிறேன். கடிதத்தில் இப்போது 2604 என்று ஜப்பான் வருஷம் போட வேண்டுமாம், எனக்கு அது ஒட்டவில்லை, பிறைக் கணக்கே போட்டிருக்கிறேன். தபாலில் போட்டால் பிரித்துப் படிப்பார்கள் என்று லாரி ஓட்டும் பொன்னுதுரையிடம் கொடுத்திருக்கிறேன். உனக்கு ஆண்பிள்ளை பிறந்த சேதியை எங்களுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான், வாசலோடு அனுப்பிவிடாமல் உட்காரவைத்து ஏதாவது குடிக்கக் கொடு.

இனி எழுதுவதை உட்கார்ந்துகொண்டு படி. உன் நன்னா, என்னைப் பெற்ற அத்தா, ஷாபான் பிறை இருபது, வியாழக்கிழமை சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தாகிவிட்டார். ஒன்பது நாள் குளிர்காய்ச்சல், கொய்னா மாத்திரை ஊரில் யாரிடமும் இல்லை. எழுபத்தெட்டு வயசு, கடைசிவரை நினைவு தெளிவாக இருந்தது, வலியில் கத்தவில்லை. அன்று மதியம் லுஹருக்கே அடக்கிவிட்டோம். உனக்கு ஆள் அனுப்ப வழியில்லை, அனுப்பியிருந்தாலும் கைக்குழந்தையோடு ரயிலுக்குப் பாஸ் வாங்கி உன்னால் வந்திருக்க முடியாது, அதனால் முகம் பார்க்கவில்லையே என்று உன்னையே நொந்துகொள்ளாதே.

அவரை நினைத்தால் எனக்கு அழுகைக்கு முன்னால் சிரிப்புத்தான் வருகிறது. பதினாறு வயசில் கப்பலேறி வந்து, குடைக்கடை வைத்து, எங்கள் ஐந்து பேரையும் ஆளாக்கினார், அது எல்லா அத்தாவும் செய்வதுதான். ஆனால் பேத்திகளுக்குப் பேன் பார்த்துச் சடை பின்னிவிட்ட ஆம்பளையை இந்தத் தெருவில் வேறு யாரும் கண்டதில்லை. உனக்கு டைபாய்டு வந்தபோது மூன்று வாரம் கடையைத் திறக்காமல் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். உன்னை ஈப்போவில் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு வந்துதான் சம்மதம் சொன்னார். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஊரின் இந்தக் கோடி செமாபோக்கானாலும் அந்தக் கோடி கிளேபாங்கானாலும் ஒரு மௌத்துச் சேதி வந்தால் சோற்றில் வைத்த கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார். நாற்பது வருஷம் மையத்துக் குளிப்பாட்டினார், ஒரு கோப்பிக் காசுகூட வாங்கினதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்பாரில்லாமல் ஒரு தமிழாள் கிடந்தால் என்ன சாதி, என்ன மதம் என்று பார்க்கமாட்டார், இந்துவென்றால் மாட்டுவண்டி நல்லையாவைக் கூட்டிக்கொண்டு சுடுகாடுவரை போய் வருவார். நம் வீட்டுக் கூரை ஒழுகும் நாளில் அடுத்தவன் வீட்டுக்கு அத்தாப்பு ஓலை வேயப் போயிருப்பார் என்று நான் கத்தாத மழைக்காலம் இல்லை. கத்தினால், ஒழுகுற இடத்துல சட்டியை வையும்மா, வந்துடுறேன் என்பார். வந்தும்விடுவார், மஃரிபுக்குப் பிறகு அவர் வெளியே தங்கினதே இல்லை.

இப்போது உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லாமல் எனக்குத் தூக்கம் பிடிக்காது. எட்டு வருஷத்துக்கு முன் நன்னா ஹஜ்ஜுக்குப் போய் வந்தபோது தன் மௌத்துக்கென்று, மையத்தைச் சுற்றக் கஃபன் துணி வாங்கி, ஜம்ஜம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவந்தார் அல்லவா, அதைத் தகரப் பெட்டியில் கற்பூரம் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். இந்தச் சண்டை வந்த பிறகு துணி என்பதே கண்ணில் படவில்லை, சாக்கைக் கட்டிக்கொண்டு நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். நீ மாசமாக இருக்கும்போது, பிள்ளை பிறந்தால் சுற்றிப் பிடிக்க ஒரு கந்தல்கூட இல்லை அம்மா என்று எழுதினாய். அதைப் படித்த அன்றைக்கே பெட்டியைத் திறந்து துணியை எடுத்து உனக்கு அனுப்பிவிட்டேன். பழைய கடைச் சரக்கில் மிஞ்சியது என்று உனக்கு எழுதினது பொய். சண்டை முடிந்ததும் வேறு வாங்கி வைத்துவிடலாம், அவர் எங்கே அதற்குள் போகப்போகிறார் என்று நினைத்தேன். வருஷாவருஷம் ரஜப் மாசம் அவர் அதை எடுத்து வெயிலில் காயவைப்பார் என்பதை எப்படி மறந்தேனோ தெரியவில்லை. இந்த ரஜபிலும் திறந்தார். நான் அடுக்களையில் மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டே பார்த்திருந்தேன். அவர் பூட்டிவிட்டுத் தொழப் போய்விட்டார். பிறகு நான் பார்த்தபோது காலிப் பெட்டிக்குள் புதுக் கற்பூரம் போட்டிருந்தது. அன்றிலிருந்து அவர் முகத்தை நேராகப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. எந்த வீட்டு மையத்தைத் தூக்கும்போதும், இவர் மேல் யாருக்கும் மனக்குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிற மனுஷன் அவர், அவரிடம் பொறுக்கச் சொல்லிக் கேட்க எனக்கு நா எழவில்லை.

காய்ச்சலில் ஏழாம் நாள் கொஞ்சம் தெளிந்து கஞ்சி கேட்டார். ஊட்டி முடித்துவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு, அத்தா, பெட்டியிலிருந்த துணியை நான்தான் எடுத்தேன், பொறுத்துக்கங்க என்றேன். தெரியும்மா, திருடன் எவன் பெட்டியைத் திரும்பப் பூட்டிட்டுப் போவான் என்றார். எங்கே போச்சு என்று கேட்டார், சொன்னேன். அதற்கு அவர், என்னை மண்ணு மூடிக்கும், பச்சைப்பிள்ளைக்குக் குளிர் தாங்காதுல்ல, நல்லது செஞ்சே என்றார்.

அவர் அப்படிச் சொன்னாலும் அவரைத் துணியில்லாமல் அனுப்ப முடியுமா. பள்ளிவாசலில் ஒரு முழம்கூட இல்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரி மக் சூ சேதி கேட்டு வந்தவள், தொழும்போது கட்டும் தன் தெலுக்கோங்கின் வெள்ளைப் பாவாடையைக் கொண்டுவந்து கொடுத்தாள். என்னுடையதையும் எடுத்து, இரண்டு பேருமாக உட்கார்ந்து தையலைப் பிரித்தோம், ஆம்பளை மையத்துக்குத் தைத்த துணி ஆகாது அல்லவா. விரித்துப் போட்டதில் உடம்பு மூடியது. மூன்று சுற்று வேண்டுமே என்று நான் கலங்கினபோது பள்ளிவாசல் லெபை, தட்டுப்பாட்டில் மூடினால் போதும், அல்லாஹ்வுக்குத் தெரியும் என்றார். மையத்து வைத்த சந்தூக்கைத் தூக்க நின்ற கூட்டம் தெருமுனைவரை இருந்தது. நல்லையா முன்னாலேயே நடந்து போனார்.

உன் அத்தா செங் ஊர்ப் பக்கம் கிழங்கு போட்டிருக்கிறார், தெம்பாகத்தான் இருக்கிறார். நீ பிள்ளைக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடு, சாயங்காலம் ஆனால் கொசுவுக்குப் புகை போடு. அது கஃபன் துணி என்று தெரிந்துவிட்டதே என்று பயந்து எடுத்து வைத்துவிடாதே, கிழிகிறவரை பிள்ளை மேலேயே கிடக்கட்டும். அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளையும் வயிறு நிறைய உணவையும் தரட்டும்.

பொன்னுதுரை திரும்பும்போது மறக்காமல் பதில் கொடுத்தனுப்பு. நல்லது செஞ்சே என்று சொன்ன பிறகு உன் நன்னா என்னிடம் இன்னொன்றும் கேட்டார், துணி பிள்ளைக்குப் போதுமா இருந்துச்சா என்று. தெரியலை அத்தா, பதில் வரலை என்றேன். எழுதிக் கேளு என்றார். அதனால் கேட்கிறேன், போதுமாக இருந்ததா என்று ஒரு வரி எழுது, நான் கபுரடிக்குப் போய் அவரிடம் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஹலீமா