எல்ம் இலைக் கொப்புளங்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. சென்ற திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு உன் அப்பா வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஒரு முடிவை எடுத்தார்: வாசலில் நிற்கும் எல்ம் என்கிற சீமை மரத்தில் கொப்புளம் கண்ட இலைகளை ஒன்றுவிடாமல் கிள்ளி எறிவது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நான் அப்போது குளித்துக்கொண்டிருந்தேன்.

நீயும் மாப்பிள்ளையும் அடுத்த மாதம் வரலாமா என்று கேட்ட உன் கடிதம் அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் வந்திருந்தது. படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "முதல்ல மரத்துக்கு ஒரு வழி பண்ணுவோம்" என்றார். நீ சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருடம் ஆகிறது, மரத்துக்கு அவசரம்.

இரண்டு நாள் ஏணியும் கையுமாக இருந்தார். விழுந்து தொலைப்பாரோ என்று நாற்றுப்பண்ணைக்காரரை அழைத்து வந்தேன். அவர் ஒரு கொப்புளத்தைப் பிளந்து காட்டினார். உள்ளே அசுவினிப் பூச்சிகள். தாய்ப்பூச்சி சாறு உறிஞ்ச, இலை வீங்கி அதைச் சுற்றி மூடிக்கொள்ளுமாம். ஆண்துணை இல்லாமலே அதற்குள் பெண்களாகப் பெற்றுத் தள்ளுமாம். "மரத்துக்கு ஒண்ணும் ஆகாது சார். றெக்கை முளைச்சா தானா போயிடும்" என்றார்.

"யாரைக் கேட்டுப் போகும்?" என்றார் உன் அப்பா.

"கேட்டா மட்டும் விட்டிருப்பீங்களா சார்?"

பாவம், அவர் பூச்சியைத்தான் சொன்னார்.

அப்பா ஏணியை மடக்கினார். கொப்புளத்தோடு ஒரு கிளையை ஒடித்து, தண்ணீர் ஊற்றிய தம்ளரில் வைத்து, மேசைமேல் விசாரணைக்கு எடுத்துக்கொண்டார். பூதக்கண்ணாடி சகிதம் மூன்று நாள் நடந்தது. சனிக்கிழமை மத்தியானம் ஒரு கொப்புளம் ஓரத்தில் வெடித்தது. கடுகைவிடச் சிறிய கறுப்புப் பூச்சிகள் றெக்கையோடு ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நசுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். வெகுநேரம் அங்கேயே நின்றார். கேட்டதற்கு, புழுக்கம் என்றார்.

உன் கேள்விக்கு அவர் வாயிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. வராது. முப்பத்தோரு வருடமாக எனக்குப் பழக்கம். அதனால் நானே சொல்கிறேன்: இரண்டு பேரும் ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள். எங்கே இருந்தாலும் நன்றாக இருங்கள்.

அம்மா

பி.கு.: அப்பா வரச்சொல்லி இன்று காலை தச்சர் வந்தார். உன் அறையில் கிடந்த ஒற்றைக் கட்டிலை எடுத்துக்கொண்டு, இரண்டு பேர் படுக்கும் கட்டிலைப் போட்டுவிட்டுப் போனார்.