வெயிலில் வைத்த கான்கிரீட்

நம் கசோண்டேயின் அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே லுசாகாவில் நான் நலம்.

சின்னதாக ஒன்று நடந்தது. கான்கிரீட் கட்டிகளை வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு நசுக்கிப் பார்ப்பதுதான் எங்கள் குழுவுக்குத் தேர்வு. விடுமுறையில் மற்றவர்கள் ஊருக்குப் போயிருந்தபோது, நான் அவற்றை எடுத்து வெயிலில் வைத்துவிட்டேன். நம் வீட்டுக்கு அறுத்த மண்கல்லை அப்படித்தானே காயவைத்தோம்? மண் காய்ந்தால் இறுகும்; சிமென்ட் கைக்குழந்தை மாதிரி, குடிக்கக் குடிக்கத்தான் தேறும். முப்பத்து நான்கு வருடம் வாத்தியாராக இருந்துவிட்டு மாணவனாக வந்தவனுக்கு இது உறைக்கவில்லை.

இன்று எல்லாம் பாதி பாரத்திலேயே நொறுங்கின.

"சான்சா, நீ கான்கிரீட் கலக்குனியா, நிஷிமாக் களி கிண்டுனியா?" என்று எங்கள் குழுப் பையன் முலெங்கா கேலி செய்தான்.

கலவை போட்ட பெண் சான்சா என் கையைப் பிடித்தாள். "அளவெல்லாம் சரியாத்தான் போட்டேன் தாத்தா. நீங்களாவது சொல்லுங்க."

நான் குனிந்து நொறுங்கிய துண்டுகளை அள்ளத் தொடங்கினேன்.

உண்மையைச் சொன்னால் அவர்களுக்கு மறுதேர்வு உண்டு. ஏற்கெனவே ஒருமுறை தவறிய என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

காலுறை இரண்டு ஜோடியும் கொறிக்க வறுத்த புழு கொஞ்சமும் கொடுத்தனுப்பு. உன் கையால் நாலு வரி எழுது, எதைப் பற்றியானாலும் சரி.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பேருந்து கிளம்புகிறது. நாளை எட்டு மணிக்குப் பேராசிரியர் அறைக்குப் போகிறேன். அந்த நேரத்தில் என்னை நினைத்துக்கொள்.

உன் சிலேஷே