இல்லையே என்று கேட்டேன்

மார்ச் 3, செவ்வாய்
மனநல ஆலோசனை மையத்தில் பயிற்சி ஆலோசகனாக இருபத்து மூன்றாவது அமர்வு. சலவைக் கடைக்காரர் வந்தார். மனைவி இறந்ததிலிருந்து தூக்கமில்லை என்றார். ஐம்பது நிமிடம். குறிப்பு இரண்டு பக்கம். படிவத்தில் உள்ள கேள்விகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி
சலவைக் கடைக்காரர் நேற்று சாக முயன்றிருக்கிறார். பக்கத்துக் கடைக்காரர் பார்த்து மருத்துவமனைக்குத் தூக்கிப் போயிருக்கிறார். பிழைத்துக்கொண்டார். மையத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். "சரி" என்றேன். பிறகு விட்ட இடத்திலிருந்து வெங்காயத்தை நறுக்கினேன். ஒரே அளவாக.

மார்ச் 7, சனி
ஒன்றுமில்லை.

மார்ச் 8, ஞாயிறு
"ஊர்ல இருக்கறவங்க சொல்றதையெல்லாம் மணிக்கணக்கா கேக்கறீங்க. நான் மூணு தடவை கூப்பிட்டது காதுல விழலையா?" என்றாள் மனைவி. விழுந்தது. மையத்தில் கேட்டதை வீட்டில் சொல்லக் கூடாது.

மாலையில் விலகல் கடிதம் எழுதினேன். மூன்று வரி. முப்பத்தேழு வருடம் பதிப்பகத்தில் பிழை திருத்தியவன் ஓய்வுக்குப் பிறகு இந்த வேலைக்கு ஏன் வந்தேன்? யார் கூப்பிட்டார்கள்?

மார்ச் 10, செவ்வாய்
மேற்பார்வை நாள். எங்களைப் போன்ற புதியவர்கள் வாரம் ஒரு மணி நேரம் மூத்த ஆலோசகர் ஒருவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். என் மேற்பார்வையாளர் என் மகளைவிட இரண்டு வயது சின்னவர். திட்டுவார் என்று போனேன். திட்டியிருந்தால் தேவலை. தண்ணீர் ஊற்றி வைத்தார்.

"அன்னிக்கு என்ன கேட்டீங்களோ, அப்படியே வாசிங்க சார்."

குறிப்பிலிருந்து வாசித்தேன். 'தப்பான எண்ணம் எதுவும் இல்லையே?' 'இல்ல சார்.'

"இன்னொரு தடவை."

இரண்டாம் முறை வாசிக்கும்போதே தெரிந்துவிட்டது. அந்தக் கடைசி ஏகாரம். அது கேள்வியே இல்லை, கெஞ்சல். இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று நானே கேட்டிருக்கிறேன். அவரும் மரியாதைக்காரர், சொல்லிவிட்டார். ஒற்றுப்பிழைக்கெல்லாம் சிவப்பு மையைக் கொட்டியவனுக்கு இது கண்ணில் படவில்லை.

"படிவத்துல எப்படி இருக்கு?"

"சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களான்னு இருக்கு. அந்த வார்த்தை வாய்ல வரல மேடம்."

"முதல் வருஷம் எனக்கும் வரல. குளியலறையில நின்னு சத்தமா சொல்லிப் பழகினேன். எங்கம்மா பயந்துபோய்க் கதவைத் தட்டிட்டாங்க."

சிரிக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை.

"நேராக் கேட்டிருந்தாலும் அவர் இல்லைன்னு சொல்லியிருக்கலாம் சார். அது நமக்குத் தெரியாது. ஆனா கேக்கணும்."

மார்ச் 12, வியாழன்
கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லை. எதற்குக் காத்திருக்கிறேன் — தெரியவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன்.

மார்ச் 17, செவ்வாய்
மேற்பார்வை. நான் உட்கார்ந்ததும் மேடம் சொன்னார்: "அந்தக் கடைக்காரர் வீட்டுக்கு வந்துட்டார். தம்பி கூட இருக்கார். வேற ஆலோசகர் ஏற்பாடு பண்றோம்னு சொன்னேன். உங்ககிட்டயே வரேன்னு சொல்றார்."

குறிப்பேட்டை மூடி வைத்தேன்.

"விட்டுட்டுப் போயிட மாட்டீங்களே சார்?"

சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க. திரும்பக் கேக்கறேன். விட்டுட்டுப் போகணும்னு நினைக்கிறீங்களா?"

"ஆமா."

"ம்."

அவ்வளவுதான். சமாதானம் சொல்லவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கேட்டுவிட்டுப் பதிலோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு நான்தான் பேசினேன். என்னென்ன சொன்னேன் என்று வரிசையாக எழுத முடியவில்லை. நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். அந்த ஆள் அன்னிக்கு நன்றி சொல்லிட்டுப் போனார் மேடம், குடையை மறந்துட்டேன்னு திரும்ப வந்து இன்னொரு தடவை நன்றி சொன்னார் — அதைச் சொல்லும்போது.

எழுந்திருக்கும்போது, அவர் என்றைக்கு வருகிறார் என்று கேட்டேன்.

"வியாழன் காலைல பதினொண்ணு. வரச் சொல்லவா?"

சொல்லச் சொன்னேன். நாட்குறிப்பில் குறித்துக்கொண்டேன். எழுத்து கோணலாக வந்திருக்கிறது. திருத்தவில்லை.